கீரை ஆயும் நேரத்தில் ஒரு நாவல்: கையடக்கப் பிளேயரில் ஒலிநூல் கேட்கத் தொடங்குவோருக்கு

ஒலிநூல் கேட்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டால், புத்தகம் பிடிக்கவில்லை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். விசாரித்துப் பார்த்தால் வேறு காரணம் வரும்: விட்ட இடம் தொலைந்துபோயிருக்கும். நமக்குக் கிடைக்கிற ஓய்வு முழுசாகக் கிடைப்பதில்லை. ரேஷன் கடை வரிசையில் கொஞ்சம், டோக்கனை வைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுப் பெஞ்சில் கொஞ்சம், கீரை ஆயும்போது கொஞ்சம், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், கேஸ் சிலிண்டர் வரும், இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிடும். ஆகவே கருவி, கோப்பு, புத்தகம் மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்: சட்டென்று நிறுத்தினால், அதே இடத்திலிருந்து சிரமமில்லாமல் தொடர முடியுமா?

எந்தக் கருவி?

கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு பிளேயர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போனில் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கதையில் முக்கியமான கட்டம் வரும்போது வாட்ஸப் 'டிங்' என்கும், கடன் வேண்டுமா என்று யாரோ அழைப்பார்கள், எடுத்துப் பார்த்த கை அப்படியே ரீல்ஸுக்குப் போய்விடும். தனிப் பிளேயரில் இந்தத் தொல்லைகள் கிடையாது. அதைவிடப் பெரிய வசதி பட்டன்கள். பையில் கையை விட்டுத் தடவியே நிறுத்தலாம், ஓடவிடலாம். ஈரக் கையோடு தொடுதிரையோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தேர்வுகள் மூன்று. முதலாவது, சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் சின்ன எம்பி3 பிளேயர். இரண்டாவது, பஜாரில் எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் தொங்கும் யூஎஸ்பி எஃப்எம் ரேடியோ. பென்டிரைவும் மெமரி கார்டும் போடலாம். கார்டு செருகும் இடத்தில் 'டிஎஃப்' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். மைக்ரோ எஸ்டி கார்டின் பழைய பெயரான டிரான்ஸ்ஃபிளாஷின் சுருக்கம் அது. மூன்றாவது, அலமாரியில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போன். சிம்மை எடுத்துவிட்டு ஏரோப்ளேன் மோடில் போட்டு, 'ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர்' அல்லது 'வாய்ஸ்' செயலியை ஏற்றினால் போதும். ஒவ்வொரு புத்தகத்திலும் விட்ட இடத்தை அது தானே நினைவில் வைத்துக்கொள்ளும். காசு செலவழிக்கும் முன் இந்த மூன்றாவது வழியைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், எஃப்எம் ரேடியோதான். சத்தமாகப் பாடும், பட்டன் பெரிது, பழகிய பொருள்.

புதிதாக வாங்குவதென்றால், கடைக்குப் போகும்போதே ஒரு மெமரி கார்டில் நீளமான பேச்சுக் கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டு போங்கள். கார்டைப் போடச் சொல்லி, கோப்பின் நடுப்பகுதிக்கு ஓட்டி, கருவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அதே இடத்தில் தொடர்ந்தால் நல்ல கருவி. அந்தக் கோப்பின் தொடக்கத்துக்குப் போனால் பரவாயில்லை, சமாளிக்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதல் கோப்புக்கே போய் நின்றால், கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிறப்பம்சங்களை முழுக்கப் படிப்பதைவிட இந்த ஒரு சோதனை மேல்.

சில பிளேயர்களில் பாட்டையும் புத்தகத்தையும் தனித்தனியாக நடத்துவார்கள். சான்டிஸ்க் கிளிப் வரிசையில் 'ஆடியோபுக்ஸ்' என்று தனி ஃபோல்டர் உண்டு. அதில் போட்டால் இடத்தை நினைவில் வைக்கும். பாட்டு ஃபோல்டரில் போட்டால் பாட்டு மாதிரிதான் நடத்தும். அந்த வரிசையில் பழைய சான்சா கிளிப் ப்ளஸ், கிளிப் ஸிப் இரண்டும் யாரிடமாவது கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை அவற்றில் ஏற்றினால், வேண்டிய இடத்தில் அடையாளம் வைக்கலாம், வாசிப்பின் வேகத்தையும் மாற்றலாம்.

ஒலித்தரம் பற்றிக் கடையில் நிறையச் சொல்வார்கள். ஒரு மனிதக் குரல் தெளிவாகக் கேட்டால் நமக்குப் போதும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டோரிடெல், குக்கூ எஃப்எம் போன்ற சந்தாச் செயலிகளில் தமிழ் ஒலிநூல்கள் நிறைய இருக்கின்றன, வாசிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் அவற்றில் 'டவுன்லோட்' செய்வது செயலிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும்; எடுத்து எம்பி3 பிளேயரில் போட முடியாது. அமேசானின் ஒலிநூல் சேவையான ஆடிபிளிலும் இதே கதைதான். அவை வேண்டுமென்றால் மேலே சொன்ன பழைய போன்தான் வழி.

பூட்டில்லாத கோப்புகளுக்கு முதலில் போக வேண்டிய இடம் லிப்ரிவாக்ஸ். கனடாவின் மான்ட்ரியலில் 2005-இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி இது. பதிப்புரிமை முடிந்த புத்தகங்களை ஆர்வலர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் கடல்போல் இருக்கிறது, தமிழில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வாசிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை என்பதால் தரம் ஏறி இறங்கும். சில புத்தகங்களை அத்தியாயத்துக்கு ஒருவர் வாசித்திருப்பார்கள். முழுவதையும் ஒரே குரல் வாசித்த பதிவாகப் பார்த்து எடுங்கள். ஆரம்பத்தில் குரல் மாறினால் கவனம் சிதறும்.

அடுத்தது இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகம். தமிழில் பலர் பதிவேற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் உரிமையோடு ஏற்றப்பட்டது என்று சொல்ல முடியாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. 1949-இல் பாரதியில் தொடங்கிப் பல எழுத்தாளர்களின் நூல்கள் அப்படிப் பொதுவில் வந்திருக்கின்றன. கல்கியின் கதைகளை இணையத்தில் இத்தனை பேர் இத்தனை குரல்களில் வாசித்து வைத்திருப்பதும் இதனால்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எழுத்து பொதுவில் இருந்தாலும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வாசித்தவரோ வெளியிட்டவரோ 'இறக்கிக்கொள்ளலாம்' என்று சொல்லியிருக்கிறாரா என்று அந்தப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டிய புத்தகத்தை யாரும் வாசித்து வைக்கவில்லையா? தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் எழுத்து வடிவம் கிடைக்கும். தமிழ்க் குரலில் உரையைப் படித்து, அதை ஒலிக்கோப்பாகவும் சேமிக்கும் செயலிகள் இருக்கின்றன. மதுரைத் திட்டத்திலிருந்து உரையை அப்படியே எடுத்துப் போடலாம். ஸ்கேன் செய்த பக்கங்களாக இருந்தால், அதை முதலில் எழுத்தாக மாற்ற வேண்டியிருக்கும். இயந்திரக் குரல் கட்டுரைக்கும் பயணக் குறிப்புக்கும் சரி. உரையாடல் நிறைந்த கதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கோபப்படுகிறவரும் கெஞ்சுகிறவரும் அதில் ஒரே தொனியில் பேசுவார்கள், கொஞ்ச நேரத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே மறந்துவிடும்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவர் இருந்தால், போனில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியில் வாசிக்கச் சொல்லலாம். மின்விசிறியை அணைத்துவிட்டு, வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் போனை வைத்தால் போதும், மூச்சுச் சத்தம் விழாது. ஊரில் தனியாக இருக்கும் பாட்டிக்குப் பேத்தி வாசித்த சிறுகதையை எந்தச் சந்தாவிலும் வாங்க முடியாது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் 2016-இலிருந்து இயங்குகிறது. உறுப்பினராகப் பதிவு செய்துகொண்டால் பல இந்திய மொழிகளில் நூல்களைப் பெறலாம். சொல்லப்போனால் ஒலிநூல் என்பதே அவர்களுக்காகப் பிறந்ததுதான். 1930-களில் அமெரிக்காவில் இசைத்தட்டில் வந்த பேசும் புத்தகத்தில் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம்தான் கொள்ளும். ஒரு நாவல் என்றால் ஒரு கட்டுத் தட்டுகள் வரும். 1997-இல் ஆடிபிள் விற்ற முதல் கையடக்கப் பிளேயரிலும் இரண்டு மணி நேரப் பேச்சுக்குத்தான் இடம். இன்று நகம் அளவு கார்டில் ஒரு நூலகத்தையே வைத்துக்கொண்டு, எதைக் கேட்பது என்று திணறுகிறோம்!

கோப்பைத் தயார் செய்வது

கட்டுரையில் அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இதுதான். எந்த மட்டமான கருவியையும் நல்ல ஒலிநூல் பிளேயராக மாற்றுகிற வேலை இங்கேதான் நடக்கிறது.

முதலில் வடிவம். மலிவான பிளேயர்களுக்கு எம்பி3 மட்டும்தான் நிச்சயமாகப் புரியும். எம்4பி என்ற ஒலிநூல் வடிவம் அத்தியாயப் பிரிவுகளோடு வரும், போனில் அருமையாக ஓடும். சின்னப் பிளேயரில் பெரும்பாலும் ஓடாது. தேவைப்பட்டால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் (எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலையும் சேர்த்து) திறந்து எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் அடர்த்தியும், இரண்டு காதிலும் ஒரே ஒலி வருகிற மோனோவும் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்பி ஆகும். பத்து மணி நேர நாவல் 300 எம்பிக்குள் அடங்கிவிடும். 8 ஜிபி கார்டிலேயே 250 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும் என்றால், பெரிய கார்டுக்குக் காசு கொடுப்பானேன்?

பெரிய கார்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் வரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை எக்ஸ்ஃபேட் முறையில் வரும். சாதாரண எஃப்எம் ரேடியோக்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. 'கார்டு இல்லை' என்று சாதிக்கும்.

அடுத்து, துண்டாக்குவது. ஆறு மணி நேரம் ஓடும் ஒரே கோப்பு இருந்தால் அதைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். எம்பி3டைரக்ட்கட் என்ற இலவச மென்பொருள் ஒலித்தரம் குறையாமல் வெட்டித்தரும். இதன் பயன் என்ன? கோப்பின் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தொடக்கத்துக்குப் போகிற ரேடியோவில்கூட, அதிகபட்சம் பத்து நிமிடம்தான் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். எதையும் நினைவில் வைக்காத கருவியே வாய்த்துவிட்டாலும், திரையில் தெரியும் கோப்பு எண்ணைக் காலண்டர் தாளில் குறித்து வைத்தால் போதும். 47 என்று எழுதியிருந்தால், மறுநாள் அந்த எண்ணை அழுத்திப் போய்விடலாம். பத்து நிமிடம் என்பது கைவேலையின் அளவுக்கும் பொருந்துகிறது: ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு துண்டு.

மூன்றாவது, பெயர். 1, 2, 3 என்று பெயர் வைத்தால் பல பிளேயர்கள் 1, 10, 11, 2 என்ற வரிசையில் ஓட்டும். துப்பறியும் கதையில் இது நடந்தால் கொலைகாரன் இரண்டாவது அத்தியாயத்திலேயே பிடிபட்டுவிடுவான். ஆகவே 001, 002, 003 என்று மூன்று இலக்கத்தில் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் மலிவான கருவிகளின் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் எண்ணுக்குப் பிறகு ரோமன் எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள்.

சில எஃப்எம் ரேடியோக்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை, கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில்தான் ஓட்டும். அப்படிப்பட்ட கருவிக்குக் கார்டைக் காலி செய்துவிட்டு, கோப்புகளை வரிசைப்படி ஏற்ற வேண்டும். ஃபேட்சார்ட் என்ற சிறு நிரல் ஏற்கெனவே ஏற்றிய கார்டையும் வரிசைப்படுத்தித் தரும். ஆப்பிள் கணினியிலிருந்து ஏற்றுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு மறைவான நிழல் கோப்பையும் சேர்த்துப் போடும். பிளேயரில் ஒன்றுவிட்டு ஒன்று ஓடாமல் தாண்டினால் அதுதான் காரணம். புள்ளியில் தொடங்கும் அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள்.

ஒரு கார்டில் ஒரு புத்தகம், மிஞ்சினால் இரண்டு. நிறைய ஏற்றினால் தேடுவதிலேயே ரயில் கிண்டியைத் தாண்டிவிடும்.

எந்த வேலைக்கு எந்தப் புத்தகம்

எல்லா வேலையும் கேட்பதற்குத் தோதானவை இல்லை. கைக்கு வேலை இருந்து மூளைக்கு வேலை இல்லாத நேரம்தான் நமக்கு வேண்டும். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, இஸ்திரி போடுவது, பூக் கட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, காலை நடை எல்லாம் சரி. கிரைண்டரும் மிக்ஸியும் ஓடும்போது வேண்டாம். அதை மீறிக் கேட்கச் சத்தத்தை ஏற்றுவீர்கள், காதுதான் கெடும். தாளிக்கும்போதும் வேண்டாம். கடுகு வெடிப்பதையும் குக்கர் விசிலையும் காதுதான் கவனிக்க வேண்டும். கணக்குப் பார்ப்பது, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போன்ற சொல்லும் எண்ணும் புழங்கும் வேலைகளோடு ஒலிநூல் ஒட்டவே ஒட்டாது.

முதல் புத்தகமாக ஏற்கெனவே படித்த கதையை எடுங்கள். நாலு வரி காதில் விழாமல் போனாலும் கதை கைநழுவாது. கேட்கும் பழக்கம் படிவதற்கு அந்தச் சலுகை தேவை. பிறகு சிறுகதைத் தொகுப்பு. அதற்குப் பிறகு நாவல். பத்திரிகையில் தொடராக வந்த பழைய நாவல்கள் காதுக்கு அருமையாக உட்காரும், ஏனென்றால் அவை வாரம் ஒரு துண்டாகப் படிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சோடு நிற்கும். பாத்திரங்கள் கூட்டமாக வரும் மொழிபெயர்ப்பு நாவலை ஆரம்பத்தில் தொடாதீர்கள். பழக்கமில்லாத பெயர்களைக் கண்ணால் பார்க்காமல் பிரித்து நினைவில் வைப்பது கஷ்டம். அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைந்த புத்தகத்தை அச்சிலேயே படியுங்கள்.

டவுன்லோட் செய்யும் முன் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். குரல் பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு நல்ல புத்தகமானாலும் ஓடாது. ளகர, ழகரம் சரியாக வராத குரல் சிலருக்குத் தாங்காது. எனக்குப் பின்னணி இசை. சோகக் காட்சிக்குப் புல்லாங்குழலைப் போட்டுக் கதையை மூழ்கடிக்கிற பதிவுகளை நான் இறக்குவதே இல்லை.

நடுவில் கவனம் போய்விட்டால் பதற வேண்டாம். எல்லாருக்கும் போகும். நினைவில் நிற்கிற கடைசி வாக்கியம் வரைக்கும் பின்னால் ஓட்டிக்கொள்ளுங்கள். அடிக்கடி அப்படி ஆகிறதென்றால் புத்தகத்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலையில் காதில் ஏறுகிற புத்தகம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறாது. இரவு படுக்கையில் கேட்பவர்கள் தானே அணையும் டைமர் இருந்தால் 15 அல்லது 20 நிமிடத்துக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கிய பிறகும் அது விடியும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும், விட்ட இடம் எது என்று யாருக்கும் தெரியாது.

காது, சாலை, எண்ணெய்க் கை

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். வீட்டில் பேச்சு கேட்க இவ்வளவு சத்தம் வைக்கத் தேவையே இருக்காது. சிக்கல் பஸ்ஸில்தான். ஏர் ஹாரனோடு போட்டி போட்டு நாமும் ஏற்றிக்கொண்டே போவோம். காதுத் துளையை அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போன் வெளிச் சத்தத்தைக் குறைக்கும், அதனால் குறைந்த ஒலியிலேயே வார்த்தை புரியும். தனியார் பஸ்ஸில் வீடியோவே அலறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

வண்டி ஓட்டும்போது இயர்போன் கூடவே கூடாது. ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்வதும் அப்படித்தான். தெருவில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். பேச்சுக்கு ஒரு காதே போதும், மோனோ என்பதால் எதுவும் விட்டுப்போகாது. வீட்டிலும் இந்த ஒற்றைக் காது முறை நல்லது, கூப்பிட்டது கேட்கவில்லை என்ற சண்டை வராது. ரயிலிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஸ்பீக்கரில் போடாதீர்கள். உங்கள் கதை அடுத்தவருக்கு இரைச்சல்.

சமையலறையில் வைக்கும் பிளேயரை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுவிட்டால் எண்ணெயும் மாவும் படாது, பட்டனையும் கவரின் மேலேயே அழுத்தலாம். பூட்டும் பட்டன் இருக்கும் பிளேயரைப் பைக்குள் போடும் முன் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கைக்குட்டை அழுத்தியே மூன்று அத்தியாயம் தாண்டியிருக்கும். பல நாள் தொடாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜோடு வையுங்கள். முழுக்கத் தீர்ந்த நிலையில் கிடந்தால் லித்தியம் பேட்டரி வீணாகும்.

மெமரி கார்டு எப்போது வேண்டுமானாலும் சாகும். வெட்டிப் பெயர் வைத்த ஃபோல்டரின் பிரதி ஒன்று கணினியில் இருக்கட்டும். கார்டு திடீரென்று தெரியாமல் போனால், உடனே ஃபார்மட் செய்யாமல் முதலில் வெளியே எடுத்து, உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் வேறு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் புதுக் கார்டு வாங்கி, கணினியிலிருந்து அதே வரிசையில் ஏற்றிக்கொண்டு, காலண்டர் தாளில் எழுதிய எண்ணிலிருந்து தொடருங்கள்.